விதையும் நம்ம சேமிப்புதான்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி ஊக்குநர் அக்கா கேட்டபோது, பத்தாவது படித்த நான் என்னத்த எழுதுறது என்று தயங்கினேன். "விதை டப்பாவும் கையுமாத்தானே திரியிற, அதையே எழுது"ன்னு சொன்னாங்க. அதனால் விதை நம் கையை விட்டுப் போனதையும், திரும்பி வந்துகொண்டிருப்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாயி காலத்தில் விதை என்பது பெண்கள் வேலை. அறுப்புக்கு முன்னாடியே வயலில் இறங்கி, கலப்பு இல்லாத நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி வைக்கும். வைக்கோல் பிரி திரித்து, அதற்குள் விதைநெல்லைக் கொட்டிக் கோட்டை கட்டி, மேலே சாணி மெழுகிக் காயவைக்கும். விதைச் சுரைக்காய் அடுப்புக்கு மேலே தொங்கும். புகை பட்டால் வண்டு வராது. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைக்கும். "என்ன முடை வந்தாலும் விதையில கை வைக்கக் கூடாதுடி" என்று சொல்லும். நாம் கோயிலுக்கு எடுக்கிற முளைப்பாரிகூட, வீட்டில் இருக்கிற விதை நல்லா முளைக்குதா என்று பார்க்கிற ஒரு சோதனையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1960-களில் நாட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அப்போதுதான் நம் தஞ்சாவூர் பக்கம் ஆடுதுறை 27 நெல் வந்தது. 1966-ல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 குட்டை ரகமும் பின்னாடியே வந்தது. உரம் போட்டாலும் சாயாமல் நிறைய விளைந்தது. பசி தீர்ந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் விதைக்கோட்டை கட்டுவது நின்றுபோனது. பழைய ரகங்கள் ஒவ்வொன்றாக வயலை விட்டுப் போயின. காய்கறியிலும் கடைப் பாக்கெட் வந்தது. அதில் பல வீரிய ஒட்டு விதை. இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கியது என்பதால், அதில் எடுத்த விதை அடுத்த முறை ஒரே மாதிரி வராது. அது தெரியாமல் நானும் ஒரு வருஷம் தக்காளி விதை எடுத்துப் போட்டேன். ஒரு செடி நல்லா காய்த்தது, ஒன்று கோலிக்குண்டு மாதிரி, ஒன்று காய்க்கவே இல்லை. என் கைராசிதான் சரியில்லை என்று நினைத்துவிட்டேன். விதை கடைக்குப் போன பிறகு, என்ன போடலாம் என்று வீட்டில் பெண்களைக் கேட்பதும் குறைந்துபோனது.

திரும்பி வந்த கதைக்கு வருகிறேன். நம்மாழ்வார் ஐயா (1938–2013) அரசு ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தைச் சொன்னவர். அவர் வழியில் வந்தவர் திருத்துறைப்பூண்டி பக்கத்து நெல் ஜெயராமன். 2006-லிருந்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான் என்று 170-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்தார். திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு நம் குழுவின் உள்கடன்தான் ஞாபகம் வந்தது. வாங்கியவர் திருப்பினால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

மகாராஷ்டிராவில் ராகிபாய் போபரே என்ற பழங்குடி விவசாயி, பள்ளிக்கூடம் போகாதவர். வீட்டிலேயே நாட்டு விதை வங்கி வைத்து, குழுப் பெண்களுக்குக் கொடுத்துப் பெருக்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். நமக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, நம் விளைச்சலில் விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனி பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

விதை இருந்தால் மட்டும் போதுமா, மண் வேண்டாமா? ஜப்பானில் மசானபு ஃபுகோகா (1913–2008) என்ற விவசாயி, உழாமல், ரசாயன உரம் போடாமல், மருந்து அடிக்காமல் நெல் விளைத்தார். 1975-ல் வந்த அவர் புத்தகம், 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று தமிழிலும் இருக்கிறது. அதன் ஜெராக்ஸ் பிரதி நம் குழுக்களில் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. நெல் நிற்கும்போதே அடுத்த பயிரை அவர் விதைப்பாராம். படித்ததும் சிரிப்பு வந்தது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி ஈரத்தில் உளுந்து தெளிக்கிறோமே, எந்த ஏர் ஓட்டுகிறோம்?

அந்தத் தைரியத்தில் கொல்லையைக் கொத்தாமல் கீரை விதைத்து, மேலே வைக்கோலைக் கனமாகப் பரப்பினேன். ஒன்றும் மேலே வரவில்லை. ஃபுகோகாவும் முதலில் அப்பாவின் ஆரஞ்சு மரங்களைக் கவாத்து பண்ணாமல் சும்மா விட்டு, பட்டுப்போக விட்டவர்தான். பக்கத்துக் குழுப் பெரியம்மா வந்து பார்த்து, "முளைச்சு ஒரு சாண் வளரட்டும், அப்புறம் மூடாக்குப் போடு. தண்டுல ஒட்டாம நாலு விரல் தள்ளிப் போடு" என்றார். இப்போது மூன்றாவது வருஷமாக மண்வெட்டி படவில்லை. கையால் கிளறினாலே மண்புழு தெரிகிறது, தண்ணீரும் பாதிதான் ஊற்றுகிறேன்.

கடைசியாக ஒன்று. 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் கூரை போனது. விதைப் பானையெல்லாம் நனைந்து, அப்பாயி காலத்துக் குட்டைச் சுரை விதை அழுகிவிட்டது. பானையை வைத்துக்கொண்டு அழுதேன். பத்து நாள் கழித்து அந்தப் பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, "போன வருஷம் நீ குடுத்ததுதான்டி" என்று எட்டு விதை கொடுத்தார். அவருக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால், அப்பாயியின் சுரை அன்றோடு முடிந்திருக்கும்.

அதனால் சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்புப் பணத்தோடு ஒரு பிடி நாட்டு விதையும் கொண்டு வாருங்கள். நடுக்கொல்லையில் நோய் இல்லாத செடியில், நன்றாக முற்றிய காயில் எடுத்தது போதும். யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். முதல் வரியில் என் பெயரையும் சுரை விதையையும் எழுதிக்கொள்ளுங்கள்.