கலைச்சொல்லும் ஆய்வுரையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுக்கட்டுரையில் கலைச்சொற்கள் இடம்பெறுதல் இயல்பே. வேற்றுமை, புணர்ச்சி, ஆகுபெயர் முதலியனவும் கலைச்சொற்களே. அவற்றை நம் இலக்கண ஆசிரியர்கள் வரையறுத்தனர். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தந்து விளக்கினர். விளக்கமின்றிக் கலைச்சொற்களை அடுக்கும் போக்கோ பிற்காலத்தது. தமிழில் கலைச்சொல்லாக்கம் வளர்ந்த வரலாறு இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துகிறது.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழ்வழியாக்கினார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்றும், உடலியங்கியலைச் ‘சுகரணவாதம்’ என்றும், நலவியலை ‘உற்பாலனம்’ என்றும் வழங்கினார். இன்று இச்சொற்கள் கடினமாகத் தோன்றலாம். எனினும், மாணவர் கற்க வேண்டிய திட்டவட்டமான ஒரு பொருளை ஒவ்வொன்றும் சுட்டியது. சொல்லைப் பிழைபட உணர்ந்தால் நோயாளிக்கே கேடு விளையும் என்பதனால் பொருட்டெளிவு இன்றியமையாததாயிற்று. கிறீன் கலைச்சொல் தொகுதிகளையும் தனியே வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது.

1916 இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவி, இதழும் நடத்தினர். வடசொல்லா தனித்தமிழா என்னும் வாதம் பின்னர் வலுப்பெற்றது. ஆயினும் தமிழில் அறிவியலைக் கற்பித்தல் என்னும் நோக்கம் இரு சாரார்க்கும் பொதுவாகவே இருந்தது.

1980களில் நிலை மாறத் தொடங்கியது. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982 இல் வெளிவந்தது. அதன்பின் அமைப்பியலும் பின்நவீனத்துவமும் தமிழ்த் திறனாய்வில் பரவின. இவை புதிய வினாக்களை எழுப்பின என்பது மறுக்கவியலாதது. ஆனால் ‘டிஸ்கோர்ஸ்’ என்பது சொல்லாடல், கருத்தாடல் எனவும், ‘டீகன்ஸ்ட்ரக்ஷன்’ என்பது கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு எனவும் பலவாறு வழங்கின. எப்பொருளில் ஆள்கிறோம் என்று பலர் வரையறுக்கவில்லை. சொல் பரவிய அளவிற்குக் கருத்துப் பரவவில்லை.

‘இப்புதினம் விளிம்புநிலைச் சொல்லாடலைக் கட்டுடைக்கிறது’ என்பது போன்ற தொடர்களை ஆய்வேடுகளில் காண்கிறோம். விளிம்பில் நிற்பவர் யாவர், அவரைப் பற்றி யார் என்ன கூறிவந்தனர், புதினத்தின் எப்பகுதி அக்கூற்றை மறுக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் அத்தொடரில் விடையில்லை. கலைச்சொல்லை நீக்கிப் பொருளை எளிய தொடரில் எழுதிப் பார்த்தல் தக்கதொரு சோதனையாகும். கருத்து எஞ்சினால் அச்சொல்லை வரையறுத்து ஆளலாம். எஞ்சாவிடின் அங்கு ஆய்வு நிகழவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் ஆய்வேடுகளை முதலில் படிப்போர் தமிழாசிரியர்கள். அவர்வழி அவை மாணவரைச் சென்றடைகின்றன. ஆசிரியருக்கே விளங்காத ஆய்வு வகுப்பறையை எட்டாது. ‘மயங்க வைத்தல்’ நூற்குற்றம் பத்தனுள் ஒன்று என்று கற்பிக்கும் நாம், அதனை நம் எழுத்தில் அறிவின் அடையாளமாகக் கொள்ளுதல் முறையன்று.