ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய மொறப்பாக்கத்துக்காரர்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான த்ரெட் இது. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

செங்கல்பட்டு மாவட்டத்தையும் விளையாட்டையும் சேர்த்துச் சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 2022ல் மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாட். வேட்டி கட்டின 'தம்பி' குதிரை. கோவளம் கடலில் அலைச்சறுக்கு விளையாடுற பசங்க. அதுக்கு மேல யோசிச்சா பலருக்கும் ஒண்ணும் வராது.

ஆனா இன்னைக்கு நாம ரஞ்சிக் கோப்பைன்னு சொல்ற போட்டியின் முதல் பந்தை வீசியவர் இந்த மண்ணில் பிறந்தவர். எம்.ஜே. கோபாலன். பேருக்கு முன்னாடி இருக்கிற 'எம்' என்பதே மொறப்பாக்கம்தான். 1909ல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அந்த ஊரில் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர்.

வேகப்பந்து வீச்சாளர். கூடவே ஹாக்கியில் சென்டர் ஹாஃப். ஹாக்கி பார்க்காதவங்களுக்குச் சொல்றேன்: அந்த இடத்தில் நிற்கிறவர் தடுக்கவும் ஓடணும், தாக்கும்போது முன்னாடி பந்தை எடுத்துக் கொடுக்கவும் ஓடணும். அணிக்கு முதுகெலும்பு மாதிரி. வேகப்பந்து வீசும்போதோ, முன்கால் தரையில் ஊன்றுகிற அந்த நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கணுக்கால், முட்டி, இடுப்பு, முதுகு வழியா ஏறும். இன்னைக்கு இருக்கிற பிசியோ, ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில் ஒரே உடம்பை வச்சு இரண்டையும் நாட்டுக்காக ஆடிய மனுஷன். ஒரு டாக்டரா எனக்கு இதுவே பெரிய ஆச்சரியம்.

இவரை அடையாளம் கண்டவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி, மதராஸ் அணியின் கேப்டன். அதே கம்பெனியில் கோபாலனுக்கு வேலையும் கிடைச்சது. விளையாட்டில் சம்பாத்தியமே இல்லாத நாட்களில் இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மதராஸும் மைசூரும் மோதுகின்றன. முதல் பந்து கோபாலன் கையில். எதிரில் மைசூரின் கர்ட்டிஸ். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிஞ்சு போச்சு! மைசூர் 48, மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். (அவர் டெஸ்ட் ஆடாமலே போனது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுறேன்.)

அதுக்குப் பத்து மாதம் முன்னாடியே கோபாலன் டெஸ்ட் வீரர் ஆகிவிட்டார். பாடிலைன் புகழ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக்கு எதிராக, 1934 ஜனவரியில் கல்கத்தாவில். மொத்தம் 18 ரன், ஒரு விக்கெட். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதல் முறையாக ஒரு டெஸ்ட் நடந்தது. சொந்த ஊர், சொந்த மைதானம். ஆனா அணியில் கோபாலன் பெயர் இல்லை. அப்போது இந்தியாவிடம் முகமது நிசார், அமர் சிங் என்று இரண்டு அசல் புயல்கள் இருந்தன. மூணாவது வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

1935ல் ஹாக்கி. தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய அணியில் கோபாலன் இருந்தார். அடுத்த வருஷம்தான் சிக்கல். 1936ல் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகிறது. அதே கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போகிறது. இரண்டிலும் இருக்க முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

நடந்தது என்ன? விஜயநகரம் மகாராஜ்குமார், அதாவது 'விஸ்ஸி', கேப்டன். மூணு டெஸ்டில் அவர் அடித்தது மொத்தம் 33 ரன். முதல் டெஸ்டுக்கு முன்னாடியே லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கைன்னு ஊருக்குத் திருப்பி அனுப்பினாங்க. அணிக்குள் கோஷ்டி. கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கலை. 1936 ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூணாவது டெஸ்ட் தொடங்கியது. அதே நாள் பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டி. ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கி தியான் சந்த் அணி தங்கம் வாங்கியது. கோபாலன் அங்கேயும் இல்லை, இங்கே ஆடும் பதினொருவரிலும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் 'ஐயோ, தப்பான முடிவு எடுத்துட்டாரே'ன்னு உச்சுக்கொட்டி முடிச்சுடுவாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எங்க ஆஸ்பத்திரிகளில் இறப்புத் தணிக்கைக் கூட்டம்னு ஒண்ணு உண்டு. அறையில் இருக்கிற எல்லாருக்கும் முடிவு முன்னாடியே தெரியும். அதனால, எல்லா அறிகுறியும் பளிச்சுன்னு தெரிஞ்ச மாதிரியே தோணும். கேட்க வேண்டிய கேள்வி வேற: அந்த ராத்திரி, அந்த மணிக்கு, டியூட்டி டாக்டர் கையில் இருந்த கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருந்தது?

1936 தொடக்கத்தில் கோபாலன் கையில் இருந்த கேஸ் ஷீட்டைப் பாருங்க. வயசு 26. வேகப்பந்து வீச்சாளருக்கு உச்சம். ஆடியது ஒரே டெஸ்ட். இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் 1932ல் ஒன்று, அடுத்தது 1936ல்தான். பந்து ஸ்விங் ஆகிற ஊர். மாதக்கணக்கில் ஆட்டங்கள். மறுபக்கம், 1928லும் 1932லும் இந்தியா ஹாக்கித் தங்கம் வாங்கியாச்சு, மூணாவதும் வரும்னு யாரும் சொல்லலாம். அதை மறுக்கலை. ஆனா விஸ்ஸி கேப்டன்சி எப்படி இருக்கும், தான் வெளியே உட்கார வைக்கப்படுவோமா என்பதெல்லாம் கப்பல் ஏறும்போது யாருக்குத் தெரியும்?

இன்னொண்ணும் யாருக்கும் தெரியாது. அந்த ஓவல் டெஸ்டுக்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946ல். நடுவில் உலகப்போர். அப்போ கோபாலனுக்கு 37 வயசு ஆகியிருந்தது. 1936ல் விட்டதை 1938ல் பிடிக்கிற வாய்ப்பே அவருக்கு வரலை. என் கணக்கில், அவரைக் கவிழ்த்தது அவருடைய முடிவு இல்லை. ஒரு மோசமான கேப்டனும் ஹிட்லரும்தான்.

உள்ளூரில் அவர் சோர்ந்து உட்காரலை. மதராஸுக்குத் தொடர்ந்து ஆடினார், கேப்டனாக இருந்தார். முதல்தர கிரிக்கெட்டில் 194 விக்கெட், 2900க்கு மேல் ரன். பிறகு இந்திய அணித் தேர்வாளர். 1964ல் பத்மஸ்ரீ.

1952-53 பருவத்தில் அவர் பெயரில் ஒரு கோப்பை தொடங்கினாங்க. மதராஸும் சிலோனும் மோதும் கோபாலன் கோப்பை. சிலோனுக்கு அப்போ டெஸ்ட் அந்தஸ்து கிடையாது, முதல்தர ஆட்டம் கிடைக்கிறதே அபூர்வம். கடலைத் தாண்டி இருக்கிற அந்த நாட்டுக்கு முப்பது வருஷமா இந்தக் கோப்பை ஒரு பயிற்சிப் பட்டறையா இருந்தது. 1982ல் இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது. கொஞ்ச நாளில் கோபாலன் கோப்பை நின்று போச்சு.

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் கோபாலன் காலமானார். வயது 94. அப்போது உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் பதிவுகளின்படி அவர்தான் மூத்தவர்.

கோபாலன் கோப்பை ஆட்டங்களைச் சேப்பாக்கத்தில் நேரில் பார்த்த அப்பா, தாத்தா யாராவது உங்க வீட்டில் இருந்தா, இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு கீழே எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.