லோட்டனின் தேன்சிட்டு

சென்ற கோடையில், கொழும்பில் உறவினர் வீட்டுச் செவ்வரத்தைச் செடியில் என் மகள் ஒரு தேன்சிட்டைப் படம் பிடித்தாள். ஸ்காபரோ திரும்பியதும், நூலகத்திலிருந்து எடுத்துவந்த பறவைக் கையேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ஆர் இந்த லோட்டன்? எங்கட குருவிக்கு ஏன் அவற்றை பேர்?"

யோவான் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர். கறுவாவைக் கணக்கெடுத்து ஏற்றுமதி செய்த கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியர். பறவைகள்மேல் அவருக்கு உண்மையான ஆர்வமும் இருந்தது. ஆனால் படங்களை வரைந்தவர் அவரல்லர். இலங்கையிலேயே பிறந்த, கலப்பு வம்சாவளியினரான பீட்டர் டி பெவெரே. லோட்டன் அப்படங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1766இல் லின்னேயஸ் தேன்சிட்டுக்கு லோட்டன் பெயரைச் சூட்டினார். 1769இல் தோமஸ் பென்னன்ட் லண்டனில் வெளியிட்ட 'இந்திய விலங்கியல்' நூலுக்கும் லோட்டனின் சேகரிப்பே ஆதாரம். பறவைக்கு ஆளுநரின் பெயர் நிலைத்தது. தூரிகை பிடித்தவரைச் சில ஆய்வாளர்களே அறிவர்.

அக்கால ஓவியங்கள் பலவற்றில் பறவை வெறுந்தாளில் தனித்து நிற்கும். பின்னால் வயலில்லை, குளமில்லை, மனிதரில்லை. இப்படி ஊரிலிருந்து பிரித்தெடுத்த உயிரை எந்த அலுமாரியிலும் அடுக்கலாம், எந்தப் பெயராலும் அழைக்கலாம். நிலத்தை அளந்து, வளத்தைப் பட்டியலிட்டு உரிமை கொண்டாடிய மனப்பான்மைக்கு இது அந்நியமானதல்ல.

என்றாலும் கதை அவ்வளவு நேரானதல்ல. எங்களுக்கு அருகில், மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில், எலிசபெத் குவில்லிம் வரைந்த சென்னைப் பறவைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதியின் மனைவியான அவர் 1801இல் அங்கு வந்தார், தெலுங்கு கற்றார், பறவைகள் பலவற்றை உயிரளவில் வரைந்தார். ஓடுபோனின் புகழ்பெற்ற நூல் வெளிவரத் தொடங்கியது 1827இல்தான். குவில்லிமோ 1807இலேயே சென்னையில் இறந்துபோனார். கனடாவில் பிறந்த கண் மருத்துவர் கேசி வூட், 1920களில் லண்டனில் அந்த ஓவியங்களை வாங்கும்வரை அவரை எவரும் பேசவில்லை. பெண் என்பதால் மறக்கப்பட்டவர் அவர். அவருக்குப் பறவைகளைப் பிடித்துக் கொடுத்த சென்னைக்காரரோ, மறக்கப்படுவதற்குக்கூட ஒரு பெயரை விட்டுச் செல்லவில்லை.

2023இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம், தன் வரம்புக்குட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து மனிதர் பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. இலங்கைத் தேன்சிட்டு அந்த வரம்புக்குள் வராது. வந்தாலும், லோட்டனை அழிப்பதால் மட்டும் டி பெவெரே திரும்பிவிடுவாரா? பழைய பெயர் போனால், அந்தப் பறவை எப்படிப் பறிபோனது என்ற கேள்வியும் கூடவே போய்விடும் என்பது என் அச்சம். ஊரையும் பெயர்களையும் விட்டுவந்த எங்களுக்கு இது சின்ன விசயமல்ல.

மகளுக்கு இவ்வளவும் சொன்னேன். அவள் தன் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். கீழே தமிழில், கொஞ்சம் கோணலாக, 'தேன்சிட்டு, கொழும்பு' என்று எழுதினாள். அதற்கடியில் இன்னொரு வரி: 'முதலில் வரைந்தவர்: பீட்டர் டி பெவெரே.'

"முதலில்" என்பது சரியா தெரியாது. திருத்த மனம் வரவில்லை.