மரக்கலச் சிற்றுரு

கலம், வங்கம், நாவாய், தோணி, ஓடம், அம்பி, பஃறி, திமில், மிதவை என நீர்மேற் செல்வனவற்றிற்குத் தமிழ் நிகண்டுகள் தரும் பெயர்கள் பலவாம். கடலைக் கண்டறியாத மேட்டு நிலத்துப் பிள்ளையும் இவற்றைப் பள்ளியில் மனனம் பண்ணுகின்றான். ஆயின், வங்கத்திற்கும் திமிலுக்கும் உருவ வேற்றுமை யாதென வினவினால், பிள்ளை மட்டுமன்று, கற்பிக்கும் பண்டிதரும் வாய்திறவார். பெயர் ஏட்டில் நின்றது. பொருள் கடலோடு போயிற்று. அப்பொருளை மீட்டுக் காண்டற்கு ஒரு வழியாக, மரத்தாற் சிறு கப்பல் இயற்றும் பொழுதுபோக்கைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

'பேரிகைக்கும் கப்பலுக்கும் என்ன உறவு? நாம் கண்ட கலம் ஒகேனக்கற் பரிசல் ஒன்றன்றோ?' என நகைப்பார் உளராகலாம். நந்தி மலையிற் பிறந்து, நம் ஓசூருக்கணித்தாய கெலவரப்பள்ளி அணையில் தங்கிச் செல்லும் தென்பெண்ணை, கடலூரிலன்றோ கடலொடு கலக்கின்றது! அந்த ஆறு சென்று சேரும் சோழமண்டலக் கரையே நாம் கூறப்போகும் வரலாற்றின் நிலைக்களம்.

அக்கரையிற் சலங்கு என்றும் மசூலாப் படகு என்றும் வழங்கிய ஒரு வகைக் கலம் இருந்தது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் பண்டங்களையும் அலை கடந்து கரை சேர்த்தது அதுவே. அதற்கு இரும்பாணி இல்லை. பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்தனர். ஆணியால் இறுக்கிய கட்டு, அலை மோதித் தரைதட்டுங்கால் விண்டுபோம். தைத்த கட்டோ நெகிழ்ந்து கொடுத்துப் பிழைக்கும். இத்துணை நுட்பம் அறிந்த தச்சர் தம் வேலையைப் படத்தில் எழுதி வைத்தாரல்லர். கண்ணும் கயிறும் முழக்கோலுமே அவர்க்கு ஏடு. மரங்களின் தன்மையும் கணுக்களின் நன்மை தீமையும் கூறும் 'கப்பல் சாத்திரம்' என்னும் நூலொன்று சென்னை அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தாரால் 1950-இல் அச்சிடப்பெற்றது. அந்நூலை மட்டும் துணைக்கொண்டு ஒரு தோணியைக் கட்டிவிட ஒருவராலும் இயலாது.

பின், அக்கலங்களின் அளவு நமக்குக் கிடைத்தது எவ்வாறெனின், அயலார் எடுத்து வைத்தமையால். திரிகோணமலைக் கடற்படைத் தளத்திற் கப்பற் கட்டுமானத் தலைவராயிருந்த ஜான் எடை என்னும் ஆங்கிலேயர், இக்கரைகளின் கலவகைகளை விவரித்து 1834-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சோழமண்டலத் தோணி சுமார் 70 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது என்று அளந்து கூறியவர் அவர். அதன் கட்டுமானத்தை இகழ்ந்தும் எழுதினார். தட்டையான அடிப்பாகம் உடையதாயின் என்? ஆழமில்லாத பாக்கு நீரிணையைக் கடப்பதற்கு அதுவன்றோ ஏற்றது! இகழ்ந்தாராயினும் அளவைப் பிழையின்றித் தந்தாராகலின், அவர்க்கு நன்றி கூறுதல் கடன்.

அவரினும் ஒருபடி மேற்சென்றவர் எட்மண்டு பாரிஸ் என்னும் பிரெஞ்சுக் கடற்படை வீரர் (1806-1893). பாரிஸ் நகரத்தோடு இவர்க்குள்ள பெயரொற்றுமை தற்செயலே. மும்முறை உலகைச் சுற்றி வந்த இவர், சென்ற துறைதோறும் நாட்டுக் கலங்களை அளந்து வரைந்தார்; நம் சலங்கும் கட்டுமரமும் தோணியும் அவற்றுள் அடங்கும். மூன்றாம் பயணத்தின்போது நம் கரையிலுள்ள பரங்கிப்பேட்டை இரும்பாலையைக் காணச் சென்று, பற்சக்கரத்திற் சிக்கி இடக்கையை இழந்தார். கை போயும் பணி நிற்கவில்லை. அவர்தம் பெருநூல் 1841 முதல் வெளிவந்தது. 1871-இற் கப்பற் காட்சிச்சாலையின் தலைவராகித் தம் இறுதிக்காலம் வரை அங்கிருந்தவர், அவ்வரைபடங்களைக் கொண்டு மரச் சிற்றுருவங்களைச் செய்வித்தார். நம் கலங்களின் உருவம் கடல் கடந்த மாநகரத்திற் கண்ணாடிப் பேழைக்குள் வாழ, அவற்றைக் கட்டியவர் வழிவந்தாரின் இல்லங்களில் ஒரு துண்டு வரைபடமும் இல்லாமை எம் நெஞ்சை வருத்துகின்றது.

சிற்றுரு செய்தல் மேனாட்டிற் பழைய வழக்கம். இங்கிலாந்தின் கடற்படையார் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அடிக்குக் கால் அங்குலமாக, அஃதாவது 48-இல் ஒரு பங்காக, மாதிரிகள் செய்வித்தனர். நெப்போலியன் காலப் போரிற் சிறைப்பட்ட பிரெஞ்சு மாலுமிகள் நார்மன் கிராஸ் என்னும் சிறைக்களத்தில், உணவில் எஞ்சிய மாட்டெலும்பைச் செதுக்கிக் கப்பல் செய்து சந்தையில் விற்றனர். மரமும் கருவியும் அரிதாகிய சிறையிற் செய்த வேலை இன்று காட்சிச்சாலைகளில் மதிக்கப்படுகின்றது.

நம்மவர் கைத்திறத்திற்கு அண்மைச் சான்று யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல். 89 அடி நீளமுள்ள அதனை அமெரிக்கராகிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரிட்டார். வல்வை மாலுமிகள் அதனைச் செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல் வழியே செலுத்தி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம் சேர்த்தனர். தன்னிடத்துள்ள கப்பல்களை விட்டு, தமிழ்த் தச்சர் கட்டியதை ஒருவன் விரும்பி வாங்கியதே போதிய சான்று. அக்கப்பல் இன்று இல்லை.

ஓவியத்திலிருந்து கப்பலை மீட்கும் முயற்சியும் நம் காலத்தில் நடந்தது. அசந்தாக் குகை ஓவியம் ஒன்றைப் பார்த்துக் கயிற்றால் தைத்த கௌண்டின்யா என்னும் கப்பலைப் பாபு சங்கரன் தலைமையிற் கேரளக் கைவினைஞர் கட்டினர். 2025 மே மாதம் அது கடற்படையிற் சேர்க்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடற் பொறியியற் பகுதியில் அதன் மாதிரியை நீரில் விட்டுச் சோதித்தனர். சிற்றுருவை விளையாட்டென்பார் இதனை நினைக்க.

செய்முறையைச் சிறிது கூறுவாம். வெட்டிய உறுப்புக்களைப் பெட்டியில் அடைத்து விற்கின்றனர். அவற்றை ஒட்டுதல் வேலையன்று, எம் கருத்தில் அது வாங்குதலே. மரத்துண்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். முதலில் ஏரா, அதன்மேல் வங்குகள், பின்னரே பலகை. 48-இல் ஒரு பங்கென்று கொண்டால் அன்னபூரணி 22¼ அங்குலத்தில் அமையும். இரண்டங்குலப் பலகை ஒரு மில்லிமீட்டராய் மெலியும். இங்கே ஓர் இடர்: மரம் சிறுத்தாலும் அதன் இழை சிறுப்பதில்லை. வேப்பம்பலகையின் முரட்டு இழை சிற்றுருவிற் பொருந்தாது. நமக்கு அண்டையாகிய கன்னட நாட்டுச் சென்னபட்டணத்தார் பொம்மை கடைதற்குக் கொள்ளும் வெட்பாலை வெண்மையும் நெருங்கிய இழையும் உடையது, அதுவே தக்கது. தொழிற்சாலைப் பெட்டிகளின் பைன் பலகை பழகுதற்கு உதவும். வளைவுக்கு வெந்நீரில் ஊறவிடுக. வங்கிற்கோ நேர்மரத்தை வளையாது, கொய்யாக் கிளையின் கவட்டைத் தேர்ந்தெடுத்தல் நன்று. பெருங்கப்பலிலும் தச்சர் இயற்கையாய்க் கோணிய மரத்தையே தேடினர்.

நம் இளைஞர் பகலெல்லாம் ஓசூர் ஆலைகளில் இயந்திரம் காக்கின்றனர். உளி பிடிக்கும் கை அவர்க்குத் தந்தையோடு நின்றுவிடும் நிலை. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்க்கு முதற்கலம் சலங்காகலாம். அதற்கு வங்கே இல்லை. பலகையோடு பலகை தைத்தலே கட்டு. அடிக்கு அரை அங்குலமாகக் கொண்டால் முப்பதடிச் சலங்கு பதினைந்து அங்குலமாகும். துளை இடவும் கயிறு கோக்கவும் விரல் நுழையும். பொருத்துவாயின் உட்புறத்தில் நாரை மெத்தையாய் வைத்து, அதன்மேற் கயிறு குறுக்கே செல்லுமாறு தைக்க. கயிற்றை மட்டும் கடையில் வாங்கற்க. தென்னைநாரைத் தொடையில் வைத்துத் தாமே திரித்துக் கொள்ளலாம்.