தேங்காய் இல்லாத வருடங்கள்

1996-ல் என் மனைவிக்கு ஐம்பது வயது. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்தது. டாக்டர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். தேங்காய் கூடாது, நெய் கூடாது, முட்டை மஞ்சள் கரு கூடாது. அன்றோடு எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி நின்றது. பசிக்கு என்ன செய்வாள்? ரசம் சோறு இன்னும் ஒரு கரண்டி. இரண்டு வருடத்தில் எடை ஏறியது, ட்ரைகிளிசரைடும் ஏறியது. "ஒளிச்சு வெச்சு சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் வீடு வரும்வரை பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தாளின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று அமெரிக்காவில் 1984-ல் வெளியான பெரிய ஆய்வில் இருந்தவர்கள் 3,806 பேர். அத்தனை பேரும் ஆண்கள். அதில் சோதித்ததும் ஒரு மருந்தைத்தான், சாப்பாட்டை அல்ல. ஆனாலும் அந்த வருடக் கடைசியிலேயே இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று அங்கே ஒரு நிபுணர் குழு சொல்லிவிட்டது. அந்த 'எல்லோரில்' என் மனைவியும் அடக்கம்!

பெண்களையே வைத்துப் பார்ப்போம் என்ற பெரிய முயற்சி 1991-ல்தான் பிறந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரான பெர்னாடின் ஹீலி தொடங்கி வைத்தார். அதன் உணவுப் பிரிவில் மட்டும் மாதவிலக்கு நின்ற 48,835 பெண்கள். ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியத்தைக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள்.

2006 பிப்ரவரியில் முடிவு வந்தது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் சுமார் 3.5 புள்ளிதான் கூடுதலாகக் குறைந்தது. எடையில் முதல் வருடம் இரண்டு கிலோ அளவுக்கு இருந்த வித்தியாசம், ஏழரை வருடத்தில் 0.4 கிலோவாகச் சுருங்கியது. அவர்களைக் குறைவாகச் சாப்பிடச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி, எடை அல்ல.

மறு வருடம் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர், மாதவிலக்கு நிற்காத, எடை கூடிய 311 பெண்களை நான்கு விதச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் அட்கின்ஸ் முறையில் இருந்தவர்கள் வருடக் கடைசியில் சராசரி 4.7 கிலோ இழந்திருந்தார்கள். கொழுப்பை வெகுவாகக் குறைக்கும் ஆர்னிஷ் முறையில் 2.2 கிலோ. ட்ரைகிளிசரைடு குறைந்ததும், நல்ல கொழுப்பான எச்டிஎல் கூடியதும் அட்கின்ஸ் பக்கம்தான் அதிகம். கார்ட்னர் வெகுகாலமாகச் சைவம் என்பது வேடிக்கை. மாமிசம் தாராளமாகச் சாப்பிடும் முறை முந்தியதை அவரே எழுத வேண்டியதாயிற்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தேங்காயும் நெய்யும் இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. அவற்றிலுள்ள கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்பது இன்றும் மாறவில்லை. எங்கள் வீட்டில் நடந்த தவறு, எடுத்த கொழுப்பின் இடத்தில் சோற்றை வைத்தது. உடம்புக்குத் தேவைக்கு மேல் போன மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அதுதான் ட்ரைகிளிசரைடு.

இதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்போ நான் ஒளிச்சு சாப்பிடலைன்னு இப்பவாவது நம்பறீங்களா?" என்றாள். நானும் அன்று சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.