பற்றும் வரவும் பிறந்த கதை

ஆரணியில் பட்டு முதலாளியின் கணக்கு நோட்டில் ஒவ்வொரு நெசவாளருக்கும் ஒரு பக்கம் உண்டு. சாயம் ஏற்றிய பாவு, ஊடைப் பட்டு, சரிகை, இவற்றின் எடை, இடையில் வாங்கிய முன்பணம் எல்லாம் பற்றில் ஏறும். சேலையை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தால் அதன் எடையும் கூலியும் வரவில் ஏறும். அவர் எடுத்துக்கொண்டது பற்று, அவரிடமிருந்து வந்தது வரவு. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நெசவாளரின் பிள்ளை பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்தால் முதல் மாதமே திகைத்துப்போகிறது. கடைக்கு ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று வைக்கச் சொல்கிறது பாடநூல். பணம் வந்திருக்கிறதே, வீட்டில் அதை வரவு என்றுதானே சொல்கிறார்கள்? உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு என்ற விதியை மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடலாம். ஏன் அப்படி என்பது மட்டும் புரியாமலே நின்றுவிடும். அதற்கான விடை இந்தச் சொற்கள் பிறந்த கதையில் இருக்கிறது.

இத்தாலிய வணிகர்களின் மிகப் பழைய ஏடுகளில் இருந்தவை ஆள் கணக்குகள். இன்னார் இவ்வளவு தர வேண்டும், இன்னார் இவ்வளவு பெற வேண்டும். ஆரணி நோட்டின் நெசவாளர் பக்கம் போலத்தான். பிறகு யாரோ ஒரு கணக்கர், அல்லது பல ஊர்க் கணக்கர்கள், துணிச்சலான ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்குத் திறந்ததுபோலப் பொருளுக்கும் ஒரு பக்கம் திறந்தார்கள். ஜெனோவா நகராட்சிப் பொருளாளர்களின் 1340ஆம் ஆண்டுப் பேரேட்டில் மிளகுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. நகராட்சி மிளகு வாங்கியது இடப்பக்கம், விற்றது வலப்பக்கம். விற்ற தொகை குறைந்துபோக, அந்த நட்டத்தை வேறொரு கணக்குக்கு மாற்றி மிளகின் பக்கத்தை நேர்செய்து முடித்திருக்கிறார்கள். மிளகு ஓர் ஆள் போல நின்று நகரத்துக்குக் கணக்கு ஒப்பித்திருக்கிறது!

பணப்பெட்டிக்கும் அதே மரியாதை. பெட்டிக்குள் பணம் போட்டால் பெட்டி அதை எடுத்துக்கொண்டது. அதனால் பெட்டி கடன்பட்டிருக்கிறது, அதன் பெயரில் பற்று. வெளியே எடுத்தால் பெட்டி திருப்பித் தந்தது, அதனால் வரவு. லூக்கா பச்சோலி என்ற துறவி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு எனப்படும் இந்த முறையைத் தெளிவாக எழுதிவைத்தார். அவர் கண்டுபிடித்ததல்ல, வணிகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கையாண்டது. நம் பதினோராம் வகுப்புப் பிள்ளையின் குழப்பம் இங்கே தீர்கிறது. கல்லாப்பெட்டியை ஓர் ஆளாக நினைத்துக்கொண்டால், அதற்குப் போனது பற்று என்பது நெசவாளர் பக்கத்தைப் போலவே நேராக விளங்கும். பாடநூலில் இந்த ஒரு பத்தி இருந்தால் எத்தனையோ பிள்ளைகள் கணக்குப்பதிவியலைக் கண்டு அஞ்ச மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்பெயினுக்கு இது வந்த விதம் வேறு. அங்கே அரசாணையே பிறந்தது. 1549இலும் 1552இலும் வந்த ஆணைகள், வணிகர்கள் தங்கள் ஏடுகளைக் கஸ்தீலிய மொழியில், பற்றும் வரவும் தெரிய எழுத வேண்டும் என்றன. 1590இல் பார்த்தலோமே சால்வதோர் தே சொலோர்சானோ மாட்ரிட்டில் வெளியிட்ட புத்தகம்தான் இரட்டைப் பதிவு முறைக்கு ஸ்பானிய மொழியில் வந்த முதல் நூல். தலைப்பே 'லீப்ரோ தே காஹா' என்று தொடங்குகிறது. காஹா என்றால் பெட்டி. இந்தத் தலைப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் அகராதியை மட்டும் நம்பினால் ரொக்க ஏடு என்று எழுதிவிடுவார். ஆனால் அன்றைய ஸ்பானிய வணிகருக்கு அது பேரேடு. நாள்வழிக்கு அவர்கள் வைத்த பெயர் மனுவால். இன்று பேரேட்டை லீப்ரோ மயோர், பெரிய ஏடு, என்கிறார்கள். பெட்டி ஏடு என்ற பெயர் இப்போது ரொக்க ஏட்டுக்குப் போய்விட்டது. ஒரே பெயர், முந்நூறு நானூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஏடுகள்.

அந்தப் பெட்டிக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான கேஷ், இத்தாலிய, பிரெஞ்சுப் பெட்டியிலிருந்து வந்தது. அதே ஒலியில் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷும் இருந்தது. அது சின்ன நாணயம். கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நம் காசை போர்ச்சுகீசியர் தங்கள் பெட்டிச் சொல்லான காய்ஷாவின் வடிவத்தில் எழுத, அங்கிருந்து அது ஆங்கிலத்துக்குப் போனது. சென்னைக் கோட்டைக் கணக்கர்களின் ஏட்டில் பெட்டியின் பிள்ளையும் காசின் பிள்ளையும் ஒரே பெயரில் புழங்கியிருக்கின்றன.

ஆங்கிலத்தில் இந்தக் கலையைச் சொன்ன முதல் நூல் ஹியூ ஓல்ட்காசில் 1543இல் எழுதியது. அதன் படி ஒன்றுகூட இன்று இல்லை. 1588இல் ஜான் மெல்லிஸ் அதைப் புதுப்பித்து வெளியிட்டதால்தான் நமக்குத் தெரிகிறது. இத்தாலியர்கள் 'தர வேண்டும்', 'பெற வேண்டும்' என்று வினையாக எழுதியதை ஆங்கிலேயர் டெபிட்டர், கிரெடிட்டர் என்று பெயராக்கினார்கள். ஸ்பானிய மொழி வினையை விடவில்லை. இடப்பக்கம் தேபே, தர வேண்டும். வலப்பக்கம் அபேர், அன்று பெற வேண்டும் என்ற பொருளில். இன்றும் அங்கே கணக்குப் பக்கத்தின் தலையில் இருப்பவை இவையே. தமிழின் பற்றும் வரவும் ஆங்கிலத்தைவிட இந்த ஸ்பானியச் சொற்களுக்கு நெருங்கிய உறவு என்று எனக்குத் தோன்றுகிறது. யார் எடுத்தார், யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி இரண்டிலும் உயிரோடு இருக்கிறது.

இத்தகைய ஏடுகளை ஆங்கிலத்தில் படிக்க வழி செய்தவர் ஃபிளாரன்ஸ் எட்லர் என்ற அமெரிக்கப் பெண். லண்டன் கடை முதலாளி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் வாங்கிய மெடிசி குடும்பத்துக் கணக்கேடுகள் ஹார்வர்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றோடும் பிற ஏடுகளோடும் உழைத்து, 1200 முதல் 1600 வரையான இத்தாலிய வணிகச் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் தரும் அகராதியை 1934இல் அவர் வெளியிட்டார். சொல்லைச் சொல்லால் மட்டும் பெயர்க்காமல், அது ஏட்டின் எந்த இடத்தில், எந்தக் கொடுக்கல் வாங்கலில் வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருள் சொன்னார். பின்னாளில் 15ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரில் பட்டுத் தொழில் நடத்திய அந்திரேயா பாங்கியைப் பற்றி நீண்ட ஆய்வு எழுதியவரும் அவரே. அந்தத் தொழிலிலும் முதலாளி கச்சாப் பட்டை வாங்கி முறுக்குபவர், காய்ச்சுபவர், சாயக்காரர், தறிக்காரர் என்று வெளியே கொடுத்து வாங்கினார். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கணக்கு. ஆரணிக்காரர் அந்த ஏட்டைப் பார்த்தால் மொழி தெரியாமலே பாதி புரிந்துகொள்வார். பட்டைக் காய்ச்சிப் பசை நீக்கும்போது எடை கால்பங்கு அளவுக்குக் குறையும் என்பதும், அந்தக் குறைவைச் சாயக்காரர் தலையில் பற்றாக ஏற்றக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இன்றைய ஸ்பானிய நிதி அறிக்கையை ஆங்கிலமாக்குபவருக்கும் இதே பார்வைதான் வேண்டும். எஹெர்சீசியோ என்றால் அகராதியில் உடற்பயிற்சி, அறிக்கையில் நிதியாண்டு. அசியென்தோ என்றால் இருக்கை, ஏட்டில் அது ஒரு பதிவு. ஃபோந்தோ தே கொமெர்சியோவை வணிக நிதி என்று பெயர்த்தால் கெட்டது, அது கடையின் நற்பெயர். அமோர்த்திசாசியோன் தறியின் தேய்மானத்தையும் குறிக்கும், கடனைத் தவணையில் அடைப்பதையும் குறிக்கும். எதுவென்று வரியைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

நம் பாடநூல்காரர்கள் இந்த வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள். வாராக்கடன் என்ற சொல்லைக் கேட்டதும் விளக்கம் தேவைப்படுவதில்லை. எடுப்புகள் என்பது முதலாளி தன் வீட்டுக்கு எடுத்த பணம். எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகைக்கு, அரபியிலிருந்து வந்து ஊரோடு கலந்துவிட்ட அனாமத்தையே வைத்துக்கொண்டார்கள். வசூலும் பாக்கியும் அதே வழியில் வந்தவை. பற்பல கடனீந்தோர் மட்டும் வாயில் நுழைய மறுக்கிறது.

ஆனால் அந்தச் சொற்கள் பாடநூலோடு நின்றுவிட்டன. தறிக்காரரின் நோட்டில் இருக்கும் சொற்களோ எனக்குத் தெரிந்தவரை எந்த அகராதியிலும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. எட்லர் மெடிசி ஏடுகளுக்குச் செய்ததை ஆரணி, காஞ்சிபுரம், கும்பகோணம் பட்டு நோட்டுகளுக்கு யாராவது செய்ய வேண்டும். மாவட்டக் கல்லூரி ஒன்றின் வணிகவியல் துறைக்கு இது முடியாத வேலை அல்ல. பழைய நோட்டுகள் கரையான் அரிப்பதற்குள் படம் எடுத்துக்கொண்டு, எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாவுக் கணக்கில் தொடங்கி, சரிகை எடை, கூலிப் பிடித்தம், முன்பண நிலுவை என்று வரி வரியாகக் கேட்டு எழுத வேண்டும்.