சோலாப்பூர் வழியாக வந்த அடிபம்பு

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு சோலாப்பூர் என்றதும் போர்வைதான் நினைவுக்கு வரும். எனக்கு நம்ம ஊர்த் தெருமுனை அடிபம்பும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

1966-67ல் பீகாரில் கடும் வறட்சி. யுனிசெஃப் விமானத்தில் துளையிடும் இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கியது. மாதக்கணக்கில் கிணறு வெட்டிய பாறையில் இப்போது ஒரே நாளில் போர் போட முடிந்தது. அடுத்த சில வருடங்களில் தக்காணப் பாறைப் பகுதி முழுக்க அரசாங்கம் போர் போட ஆரம்பித்தது. துளை போட்டாயிற்று. மேலே வைத்த பம்புதான் தகராறு. வார்ப்பிரும்பில் செய்தது, சில வாரங்களிலேயே உடைந்தது. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யவில்லை.

"கிராமத்து ஜனங்களுக்குப் பொறுப்பு கிடையாது, அரசாங்கப் பொருள்தானே என்று உடைத்துவிடுகிறார்கள்" என்பதுதான் அப்போது சுலபமாகச் சொல்லப்பட்ட காரணம். (இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் இதைத்தானே சொல்கிறோம்!) உண்மை வேறு. அந்தப் பம்பு ஐரோப்பா, அமெரிக்காவில் ஒரு பண்ணை வீட்டுக்காகச் செய்த பம்பின் நகல். அங்கே ஒரு குடும்பம் நாளைக்கு நாலைந்து வாளி அடிக்கும். இங்கே விடியற்காலை தொடங்கி இருட்டும்வரை ஊரே வரிசையில் நிற்கும். அதுவும் நூறடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர். ஆணி தேயாமல் என்ன செய்யும்? பம்பு நின்றால் பழி ஊருக்கு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய கிணற்றுக்கு நடப்பது பெண்களுக்கு.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் தலைநகரத்து அதிகாரிகள் அல்ல. மகாராஷ்டிராவில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணற்று வேலையில் இருந்தவர்கள் வார்ப்பிரும்பைத் தூக்கிப்போட்டுவிட்டு எஃகில் பம்பு செய்து பார்த்தார்கள். நிறைய ஆணிகளுக்குப் பதிலாக ஒரே அச்சு, அதில் பால் பேரிங். கைப்பிடியின் முனையில் சங்கிலி இருந்ததால் உள்ளே போகும் கம்பி கோணாமல் நேராக ஏறி இறங்கியது. பம்பின் கால்களும் போர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிராமல் தனியாக கான்கிரீட்டில் நின்றன.

சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து இந்திய அரசும் யுனிசெஃப்பும் ஒரு பொது வடிவத்தை உருவாக்கின. மாதிரிகளைச் செய்தது சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலை. சோதித்துப் பார்த்தது கோவை மாவட்டத்தில். ஏன் கோவை? அங்கே தண்ணீர் ஆழத்தில், அடிக்கும் ஜனமும் அதிகம். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். 1977 வாக்கில் 'இந்தியா மார்க் 2' உற்பத்திக்கு வந்தது. யாரும் காப்புரிமை வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், தரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் லட்சக்கணக்கில் பரவி, ஆப்பிரிக்காவுக்கும் போனது.

கைப்பிடி கனமான எஃகுக் கம்பி என்பது சின்ன வயதில் அதில் தொங்கியவர்களுக்குத் தெரியும். அந்தக் கனம் சும்மா இல்லை. கீழே தொங்கும் கம்பியின் எடைக்கு ஈடாக வைத்தது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அடியில் ஒரு தோல் வாஷர் தேய்ந்தால்கூட அத்தனை குழாயையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வேண்டும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு காவலர், ஒன்றியத்துக்கு மெக்கானிக், மாவட்டத்துக்கு நடமாடும் குழு என்று ஏற்பாடு செய்தார்கள். பம்பு நின்றால் காவலர் தபால் அட்டை போட வேண்டும். அட்டை போய், வண்டி வந்து சேரும்வரை தண்ணீருக்கு என்ன செய்வது? இதற்கும் விடை கோவையில்தான் கிடைத்தது. 1980களில் அங்கே நடந்த இரண்டாவது சோதனையில் மார்க் 3 பிறந்தது. குழாயை அகலமாக்கியதால் வாஷரை மட்டும் மேலே எடுத்து ஊர்க்காரர்களே மாற்றலாம். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர். குழாய் அகலமானதால் விலைதான் கூடியது. ஏற்கெனவே நட்டிருந்த மார்க் 2க்களை யாரும் பிடுங்கிப்போட முடியாதே, அவை அப்படியே நின்றன.

2019ல் ஜல் ஜீவன் திட்டம் வந்தபின் பேச்சு வீட்டுக் குழாய்க்கு மாறிவிட்டது. கோவைப் பக்கத்தில் போர் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகிறது, அந்த ஆழத்தில் எந்தக் கைபம்பும் இழுக்காது. பல ஊர்களில் பம்பின் தலையைக் கழற்றிவிட்டு, அதே துளையில் மோட்டாரை இறக்கி, பக்கத்தில் ஒரு சின்டெக்ஸ் டேங்க் வைத்திருக்கிறார்கள். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் வருகிறது.